இறையாட்சியும் அரசின்மையும்

'இறை' என்னுஞ் சொல் நம் மொழியிற் பல பொருள் தந்து நிற்பது. கடவுளை இறை என்கிறோம்; அரசனை இறை என்கிறோம்; அரசனுக்குக் குடிகள் செலுத்திய வரியையும் இறை என்றே நம் முன்னோர் வழங்கினர். 'கோயில்' என்பது கோ வாழும் இல்லமாதலின் அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் பொதுவாயிற்று. 'ஆண்டவன்' என்ற பெயரோ ஆளுதல் தொழிலினின்றே பிறந்தது. இவ்வாறு கடவுளையும் காவலனையும் ஒரே சொல்லாற் குறித்த மக்களுக்கு, அவ்விருவருடைய கட்டளைகளும் தம்முள் மாறுபடுமிடத்து எவருக்குக் கீழ்ப்படிவது என்னும் வினா எழாதிருக்க முடியாது. கடவுளுக்கே கீழ்ப்படிவேன் என்று விடை கூறியவர் உலகில் எத்தனையோ பேர். அவருட் சிலர் இன்னும் ஒருபடி மேற்சென்று, கடவுளை இறையாகக் கொண்டவனுக்கு மனித இறை ஒருவன் வேண்டுவதே இல்லை என்றும் துணிந்தனர். இத்துணிபின் வரலாற்றையும், அதற்கும் தமிழர்க்கும் உள்ள தொடர்பையும், அதற்கெதிராக எழும் தடையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவு செய்துகொள்ளுதல் நலம். 'அராஜகம்' என்றவுடன் கலகம், கொள்ளை, குடிகேடு என்பனவே நம் நினைவுக்கு வருகின்றன. பத்திரிகைகளும் அப்பொருளிலேயே அச்சொல்லை வழங்குகின்றன. அரசியல் நூலோர் கூறும் அனார்க்கிசம் அஃதன்று. ஒருவரை ஒருவர் அச்சத்தால் அடக்கியாளும் அதிகாரம் இன்றி, மக்கள் தம்முள் உடன்பட்டு ஒழுங்காக வாழ்தல் கூடும் என்பதே அக்கொள்கை. ஆதலின் இக்கட்டுரையில் அதனை 'அரசின்மை' என்றே குறிப்போம். 1840-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் புரூதோன் அப்பெயரைத் தமக்கே சூட்டிக்கொண்டார். உருசிய நாட்டுப் பக்கூனின், கடவுள் என்ற எண்ணமே மனிதனை அடிமையாக்குவது என வாதித்தார். அவர் எழுதிய 'கடவுளும் அரசும்' என்னும் நூல் அவர் இறந்த பின்னர் 1882-ல் வெளிவந்தது. சமயத்தின்மேல் அவர் கொண்ட வெகுளிக்குக் காரணம் உண்டு. அவர் பிறந்த நாட்டில் திருச்சபையானது சார் மன்னனுடைய ஏவலுக்கு அடங்கி, அவன் செய்த கொடுமைகளை ஆசீர்வதித்து நின்றது. அச்சபையைக் கண்டவர் அதன் கடவுளையும் வெறுத்தது வியப்பன்று.

ஆயினும் அரசின்மைக் கொள்கைக்கு வேறோர் ஊற்றும் உண்டு. அது மிகப் பழமையானது. எபிரெயருடைய வேதத்தில் நியாயாதிபதிகள் காலத்துச் செய்தியொன்று வருகின்றது. பகைவரை வென்று திரும்பிய கிதியோனை மக்கள் அரசனாகும்படி வேண்ட, அவன், கர்த்தரே உங்களை ஆளுவார் என்னுங் கருத்தினைக் கூறி மறுத்துவிட்டான். பிற்காலத்தில் மக்கள் சாமுவேலிடம் சென்று, மற்றைச் சாதியாரைப்போல் எங்களுக்கும் ஓர் அரசன் வேண்டும் என்று கேட்டபோது அம்முதியவர் அவர்களை எச்சரித்தார். அரசன் உங்கள் மைந்தரைத் தன் தேர்களுக்கும், உங்கள் பெண்மக்களைத் தன் சமையற்கூடத்துக்கும் கொண்டுபோவான். உங்கள் விளைவிற் பத்தில் ஒன்றைத் தன் ஊழியர்க்குக் கொடுப்பான். அந்நாளில் நீங்கள் முறையிடுவீர்கள் என்பது அவர் உரைத்ததன் சாரம். மக்கள் கேட்டிலர், அரசன் வந்தான், அவர் சொன்னவை யாவும் நிகழ்ந்தன.

நம் நாட்டிலும் இதனோடு ஒப்பவைக்கத்தக்க நிகழ்ச்சி உண்டு. ஏழாம் நூற்றாண்டில் சமணத்தை விட்டுச் சைவத்துக்கு மீண்ட திருநாவுக்கரசரைத் தன்முன் வருமாறு பல்லவ மன்னன் ஆணையிட்டனன் என்றும், அவர் தாம் எம்மன்னனுடைய ஆணைக்கும் உட்பட்டவரல்லர், நமனுக்கும் அஞ்சுபவரல்லர் எனும் பொருள்படப் பதிகம் பாடி மறுத்தனர் என்றும் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கின்றார். மன்னர் பெயரைக் கேட்டாலே குடிகள் நடுங்கிய காலத்தில், படையும் பொருளும் இல்லாத ஒரு முதிய துறவியிடமிருந்து அம்மறுப்பு எழுந்தமை நோக்கத்தக்கது.

ஆனால் அவ்வரலாற்றின் முடிவையும் நாம் மறத்தலாகாது. மன்னன் மனம் மாறினான், தானும் சைவனாயினான், சமணப் பள்ளிகளை இடித்து, அக்கற்களைக்கொண்டு திருவதிகையிற் சிவனுக்குக் கோயில் எடுத்தான் எனப் புராணம் மொழிகின்றது. கிறிஸ்து சமயத்தின் வரலாறும் இத்தன்மையதே. இராயனுக்குத் தூபங்காட்ட மறுத்து உயிர்விட்ட சபையானது, கான்ஸ்டன்டைன் 313-ஆம் ஆண்டில் அதற்கு உரிமை நல்கிய பின்னர், சிறிது சிறிதாக அரியணையின் அருகில் தனக்கும் ஓர் ஆசனம் தேடிக்கொண்டது. அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியும்படி ரோமாபுரியார்க்குப் பவுல் எழுதிய பதின்மூன்றாம் அதிகாரம் அன்றுமுதல் இன்றுவரை ஆள்வோர் அனைவருக்கும் உகந்த பகுதியாயிற்று. மனிதரினும் கடவுளுக்கே கீழ்ப்படிதல் தகும் என்று அப்போஸ்தலர் ஆலோசனைச் சங்கத்தின்முன் நின்று கூறிய இடம் அத்துணை விருப்பத்துடன் வாசிக்கப்படவில்லை. அரசனை எதிர்க்கும் சமயம், அரசன் தன் பக்கம் வந்தவுடன் எதிர்ப்பை மறந்துவிடுகின்றது. இதுவே சமயத்துக்கு நேரும் பெருஞ்சோதனை என்க.

இச்சோதனையை வெளிப்படையாக எடுத்துக்காட்டி, மறந்த பாடத்தை மறுபடியும் ஓதியவர் உருசியப் பெரியார் டால்ஸ்டாய் ஆவர். 1828-ல் பிரபு குலத்திற் பிறந்து, போர்வீரராயும் நாவலாசிரியராயும் புகழெய்திய அவர், நடுவயதுக்குப்பின் மலைப்பிரசங்கத்தை வாழ்க்கை விதியாகவே கொண்டார். தீமை செய்பவனைத் தீமையால் எதிர்க்கலாகாது என்பது மெய்யானால், படையும் சிறையும் தூக்குமரமும் கொண்டு நடைபெறும் அரசாங்கத்திற் கிறிஸ்தவன் ஒருவன் எங்ஙனம் பங்குபெறலாகும் என்று வினவினார். 'கடவுளின் இராச்சியம் உங்களுக்குள்ளே' என்னும் அவரது நூல் சொந்த நாட்டில் தடுக்கப்பட்டு, 1894-ல் ஜெர்மனியில் வெளியாயிற்று. 1895-ல் டூக்கபார் என்னும் உருசியக் குடியானவர் கூட்டத்தார், கொலை செய்யோம் என்று தம் ஆயுதங்களைக் குவித்து எரித்துத் துன்புறுத்தப்பட்டபோது அவர்களுக்காகப் பரிந்து பேசினார். அவர்கள் 1899-ல் கனடாவுக்குக் குடியேறுதற்கு 'புத்துயிர்ப்பு' என்னும் நாவலால் வந்த பொருளை உதவினார். 1901-ல் உருசியத் திருச்சபை அவரைப் புறம்பாக்கியது. பக்கூனின் சபையை வெறுத்துக் கடவுளை விட்டார். டால்ஸ்டாய் கடவுளைப் பற்றிக்கொண்டமையாலேயே சபையையும் அரசையும் ஒருங்கே மறுத்தார்.

இனி, இவ்வூற்றின் நீர் தமிழரிடம் எவ்வாறு வந்தெய்திற்று என்பதைக் காண்போம். தாரகநாத தாசர் என்னும் வங்க இளைஞர் தாம் நடத்திய பத்திரிகைக்கு ஒரு கட்டுரை வேண்ட, டால்ஸ்டாய் 1908-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாளிட்டு விடை எழுதினார். 'ஓர் இந்துவுக்குக் கடிதம்' என்று பெயர் பெற்ற அவ்விடையில் அவர் எடுத்தாண்ட மேற்கோள்களுள் நம் திருக்குறளும் ஒன்று. பிறர்க்கு இன்னா செய்யாமையைப்பற்றி வள்ளுவர் மொழிந்தவை, நூற்றாண்டுகளையும் கடல்களையும் கடந்து உருசியக் கிழவர் ஒருவருடைய மேசையைச் சேர்ந்து, அங்கிருந்து இந்தியருக்கு அறிவுரையாகத் திரும்பிவந்தன. அக்கடிதத்தைத் தென்னாப்பிரிக்காவில் தம் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் வெளியிட்டவர் காந்தியடிகள்.

1910-ஆம் ஆண்டில் ஹெர்மன் கல்லன்பாக் என்னும் கட்டடக் கலைஞர் ஜோகன்னஸ்பர்க்கு நகரை அடுத்த சுமார் 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குதற்கு அளித்தார். அதற்கு டால்ஸ்டாய்ப் பண்ணை எனப் பெயரிட்டனர். சிறை சென்றவர்களின் மனைவியரும் மக்களும் அங்கே வாழ்ந்தனர். அவருட் பலர் தமிழர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி என்னும் நால்வகையாரும் ஒரே சமையலறையில் உண்டனர். வேலையாட்கள் கிடையா, கழிவிடத்தைத் துப்புரவு செய்தல் முதல் தச்சுவேலை ஈறாக யாவற்றையும் தாமே செய்தனர். டிராப்பிஸ்ட்டு துறவியர் மடத்தில் கல்லன்பாக் கற்றுவந்த செருப்புத் தைக்கும் தொழிலைக் காந்தியடிகளும் பிறரும் பயின்றனர். இரமலான் மாதத்தில் முஸ்லிம் சிறுவருடன் மற்றைச் சமயத்துச் சிறுவரும் நோன்பிருந்தனர். காவலர் இன்றியும் கசையடி இன்றியும் ஒரு சிறு சமுதாயம் அங்கே ஒழுங்குபெற நடந்தது. 1913-ஆம் ஆண்டுப் போராட்டத்திற் சிறைபுகுந்து, நோயுடன் வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-ல் பதினாறாம் வயதில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையும் அவ்வறப்போரில் வந்தவளே. இந்துக்களும் முஸ்லிம்களும் தம் சமய முறைப்படி செய்துகொண்ட மணங்கள் செல்லா என்று அவ்வாண்டில் அங்குள்ள நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தம் நெஞ்சும் சமயமும் ஒப்பிய மணத்தை அரசு மறுக்கக்கூடுமோ என்பதே அப்பெண்மணிகளைச் சிறைக்கு அழைத்துச் சென்ற வினாக்களுள் ஒன்று.

இந்தியாவுக்கு மீண்ட காந்தியடிகள் 1916 பிப்ரவரியிற் காசி இந்து பல்கலைக்கழகத் திறப்புவிழாவில், வெடிகுண்டு வீசும் இளைஞரை மறுத்துப் பேசுங்கால், தாமும் ஓர் அரசின்மைக் கொள்கையரே, ஆனால் வேறு வகையினர் என்று கூறினார். அவையில் வீற்றிருந்த சிற்றரசர்கள் எழுந்து சென்றனர். 1934-ல் நிர்மல்குமார் போசு என்னும் அறிஞருக்கு அளித்த விடையில், அரசு என்பது ஒருங்கு திரட்டப்பட்ட வன்முறையே எனும் கருத்தை வெளியிட்டார். வெடிகுண்டு வீசுபவன் ஆள்வோனை நீக்கித் தான் ஆள விரும்புகிறான். தன்னைத்தான் ஆள்பவனோ பிறனால் ஆளப்பட வேண்டாதவன் ஆகின்றான். 'சுயராச்சியம்' என்ற சொல்லுக்கு அடிகள் கொண்ட ஆழ்ந்த பொருள் இதுவே.

கிறிஸ்தவக் கல்லூரியிற் பயிலும் நமக்கு மேற்கூறியவற்றினும் அணுக்கமான உதாரணங்கள் உள. கிருஷ்ணகிரிச் சீமையை அடுத்த திருப்பத்தூரில், 1921-ஆம் ஆண்டு சவரிராயன் ஏசுதாசன் என்ற தமிழரும் ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து நாட்டினரும் ஆகிய மருத்துவர் இருவர் கிறிஸ்துகுல ஆசிரமம் நிறுவினர். கதருடுத்துத் தரையில் அமர்ந்துண்டு நோயாளரைப் பேணிய அவர்கள், நம் நாட்டுக் கோயிற் சிற்பமுறையில் தம் செபாலயத்தை எழுப்பினர். 1932-ல் சென்னை வீதியிற் பேட்டன் காவலரால் தடியடியும் வண்ணநீர் வீச்சும் பெற்றார். அச்செய்தி பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரை சென்றது. அந்நாளில் அந்நிய மிஷனெரிகள் அரசாங்கத்துக்கு முரணாக நடவோம் என்று உறுதி கூறிய பின்னரே இந்நாட்டில் ஊழியஞ்செய்ய இசைவு பெற்றனர் என்பதை நினைக்குமிடத்து அத்தடியடியின் பொருள் நன்கு விளங்கும்.

தஞ்சாவூரில் 1892-ல் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த ஜோசப் செல்லத்துரை குமரப்பா இவ்வழியில் இன்னும் ஆழச் சென்றவர். இலண்டனிற் கணக்காய்வுத் தொழில் கற்று, அமெரிக்காவிற் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் வறுமைக்கும் வரிமுறைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து, 1929-ல் காந்தியடிகளைச் சேர்ந்தார். 1930-ல் சட்டமறுப்பு இயக்கம் கிறிஸ்துவின் போதனைக்கு மாறானது என்று இந்தியாவின் தலைமைப் பேராயர் வெஸ்ட்காட் கருத்துரைத்தபோது, அதனை மறுத்து வெளிப்படையாக எழுதியவர் இவரே. பிற்காலத்திற் சிறையிலிருந்த நாட்களில் எழுதப்பெற்று 1945-ல் வெளிவந்த இவருடைய நூல்கள் இரண்டு. ஒன்று இயேசுவின் ஒழுக்கத்தையும் உபதேசத்தையும் பற்றியது. மற்றொன்று நிலைபெறும் பொருளாதாரம் பற்றியது. இயற்கையிற் காணப்படும் வாழ்க்கைமுறைகளை இவர் ஐந்தாகப் பிரித்தார். பிற உயிரைக் கொன்று வாழும் புலி, தான் வளர்க்காத தோப்பின் கனியைப் பறிக்கும் குரங்கு, தன் கூட்டைத் தானே கட்டும் பறவை, கூடி உழைக்கும் தேனீ, கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை என்பன அவற்றுக்கு உவமைகள். முதலிரண்டும் வன்முறையின்றி நில்லா. வன்முறை வேண்டுமிடத்துப் பெரும்படையும் பேரரசும் வேண்டும். கடைசி இரண்டில் நிலைபெற்ற மக்களுக்கு அரசின் கை மிகச் சிறிதே போதும். பொருள் ஈட்டும் முறையை மாற்றாமல் அரசின் அளவை மட்டும் குறைக்க முடியாது என்பது குமரப்பா நமக்கு விட்டுச்சென்ற நுட்பம்.

சமயச் சார்பின்றி அரசின்மையை அடைந்த தமிழ்நாட்டாரும் உளர் என்பதை ஈண்டுக் கூறாது விடுதல் முறையன்று. சென்னையில் 1887-ல் பிறந்த எம். பி. டி. ஆசாரியா, பாரதியாரோடு 'இந்தியா' பத்திரிகையிற் பணியாற்றி, ஐரோப்பா சென்று, 1920-ல் தாஷ்கண்டில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சி அமைத்தவருள் ஒருவராய் இருந்து, கட்சியின் அதிகாரப்போக்கை வெறுத்து விலகி, பெர்லினில் அரசின்மையாளரானார். 1935-ல் தாயகம் மீண்டு 1954-ல் பம்பாயில் வறுமையில் இறந்தார். காந்தியடிகளின் சமயத்தில் இவருக்குப் பற்றில்லை. ஆயினும் வன்முறையால் அமைக்கப்படும் அரசு வன்முறையாலேயே நடைபெறும் என்ற முடிவுக்கு இவரும் வந்தார். செபத்தினின்று புறப்பட்டவரும் அனுபவத்தினின்று புறப்பட்டவரும் ஓரிடத்திற் சந்தித்தமை அம்முடிவுக்கு வலிமை தருவதாகும்.

இத்துணையும் ஒரு பக்கம். மறுபக்கத்தையும் நடுநிலையோடு நோக்குவோம்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த இராஜாஜி, 1930-ல் திருச்சியினின்று வேதாரணியம் நடந்து சென்று, மனச்சாட்சியின் பேரால் உப்புச் சட்டத்தை மீறிச் சிறைபுகுந்தார். 1937-ல் அவரே சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டதை எதிர்த்து மறியல் செய்தோர்மீது, காங்கிரசார் முன்பு கண்டித்துவந்த குற்றச்சட்டத் திருத்தத்தையே அவரது அரசாங்கம் ஏவிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். 1939-ல் நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தினிடையே மாண்டனர். இராஜாஜி தீயவர் என்பது இதன் கருத்தன்று. நேர்மையும் எளிமையும் மிக்க ஒருவரே ஆசனத்தில் அமர்ந்தபின், நேற்றுத் தாம் செய்ததையே இன்று செய்பவரைச் சிறையிலிட நேர்ந்தது. அரசின்மையாளர் அதிகாரத்தை ஐயுறுவது ஏன் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

ஆயின், அரசு நீங்கினால் எஞ்சுவது யாது? கிராமம் என்பர் காந்தியர். இவ்விடத்தில் டாக்டர் அம்பேத்கர் 1948 நவம்பர் 4-ல் அரசியல் நிர்ணய சபையில் எழுப்பிய தடையை எவரும் எளிதில் தள்ளிவிட முடியாது. கிராமத்தைக் குறுகிய மனப்பான்மையும் சாதிவெறியும் குடிகொண்ட இடமாகவே அவர் கண்டார். சட்டப் புத்தகத்தில் எழுதப்படாத ஓர் அரசு அங்கே ஏற்கெனவே உண்டு; அதற்குச் சாதி என்று பெயர். தெருவிற் செருப்பணியாமை, தனிக்குவளை, தனிச் சுடுகாடு என்பன அவ்வரசின் சட்டங்கள். 1968 டிசம்பர் 25-ல், கிறிஸ்து பிறந்த நாளின் இரவில், கீழவெண்மணியில் 44 உயிர்கள் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டன. கூலி உயர்வு கேட்டமையே அவர்கள் செய்த குற்றம். அத்தகைய ஊரில் மேலிருந்து வரும் சட்டமும் இல்லாதொழியின் எளியவனுக்குப் புகல் எங்கே?

இத்தடைக்கு நூல்களால் விடை கூறுவதினும் வாழ்க்கையால் விடை கூறினோரைக் காட்டுதல் நன்று. விநோபாவின் பூமிதான இயக்கத்தில் உழைத்த சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் அவர் துணைவியார் கிருஷ்ணம்மாளும் வெண்மணித் துயருக்குப்பின் அப்பகுதிக்கே சென்று தங்கினர். வெண்மணி வழக்கில் நிலக்கிழார்கள் உயர்நீதிமன்றத்தில் விடுதலை பெற்றனர். ஆகவே அரசும் எளியவருக்கு நீதி வழங்கிற்றென்று சொல்வதற்கில்லை. அவ்விருவரும் 1981-ல் 'உழுபவனின் நில உரிமை இயக்கம்' கண்டு, நிலக்கிழாரோடு பேசியும், உண்ணா நோன்பிருந்தும், வங்கிக் கடன் பெற்றும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிலம் தேடிக்கொடுத்தனர். பெண்கள் பெயரிலேயே அந்நிலங்களைப் பதிந்தனர். அவர்கள் அரசாங்கத்தின் பதிவேட்டை வெறுத்தொதுக்கவில்லை. அரசு வந்து செய்யட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. சட்டம் தரும் காப்பைக் கைவிடாமல், சட்டம் புகாத இடத்தில் அன்பும் துணிவும் புகவேண்டும் என்பதே அவர்கள் வாழ்க்கை உணர்த்தும் பாடமாகும்.

இதனை நம் பக்கத்து ஊரொன்றில் வைத்துப் பார்ப்போம். தேன்கனிக்கோட்டை வட்டத்தில், கர்நாடக எல்லையைத் தொட்டு நிற்பது ஜவளகிரிக் காடு. கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னார்கட்டாக் காட்டினின்று யானைகள் இங்கே வருவது ஆண்டுதோறும் நிகழ்வது. மாநில எல்லை என ஒன்று உண்டென்பதை அவை அறியா. அப்பருவத்திற் குடியானவர் பரணமைத்து இரவெல்லாம் விழித்திருப்பர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் அண்டை நிலத்துக்காரராய் வாழும் அவ்விடத்தில், ஒருவன் எழுப்பும் கூக்குரலுக்கு மற்றவன் எழுந்து வருவதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. குமரப்பா சொன்ன தேனீயின் வாழ்க்கை இஃதே. ஆனால், அழிந்த பயிருக்கு ஈடு வழங்கவும், வேட்டைக்காரரிடமிருந்து யானையைக் காக்கவும் வனத்துறையும் சட்டமும் வேண்டியிருக்கின்றன. மேலும், நள்ளிரவில் ஒன்றாய் விழித்திருந்தவர்கள் பகலில் ஒரே குவளையில் நீர் அருந்துவார்களா என்பதை அவ்வவ்வூரார் தத்தம் நெஞ்சைக் கேட்டறியவேண்டும். அருந்துவார்களாயின் அங்கே அரசு குறைந்தாலும் குறையொன்றுமில்லை. மறுப்பார்களாயின், அரசை நீக்குவதால் அவ்வூருக்கு வருவது விடுதலையன்று. பழைய தலையாரியின் ஆட்சியே.

ஆகவே நாம் துணியும் முடிபு இதுவாகும். சமயத்தினின்று பிறக்கும் அரசின்மை கட்டுப்பாடின்மை அன்று. வெளியிலிருந்த கட்டுப்பாட்டை உள்ளத்தில் ஏற்றுக்கொள்வது அது. காவலனுக்கு அஞ்சிக் களவு செய்யாதவனுக்குக் காவலன் என்றும் வேண்டும். அயலானிடம் கடவுளைக் கண்டு களவு செய்யாதவனுக்குக் காவலன் வேண்டா. ஆதலின் அரசின் அளவு நம் அறத்தின் குறையை அளக்கும் கோலாக இருக்கின்றது. கடவுளே இறை எனக் கூறுபவர் அக்கூற்று மெய்யென்று காட்டவேண்டிய இடம் அரசனுடைய வாயில் மட்டுமன்று. தம் வீட்டுத் திண்ணையும், ஊர்க் கிணறும், ஆலயத்தின் இருக்கை வரிசையுமே ஆகும். மேலோன் ஒருவன்முன் தலைவணங்க மறுப்பது அதன் பாதி. தன்முன் ஒருவன் தலைவணங்குவதைப் பொறாமை மற்றைப் பாதி. திருநாவுக்கரசர் முதலானோர் முதற்பாதியை நமக்குக் காட்டிச் சென்றனர். இரண்டாம் பாதி, கற்றோர் எனப் பெயர்பெற்று இக்கல்லூரியினின்று வெளியேறும் ஒவ்வொருவர்க்கும், அவரவர் ஊரிற் காத்திருக்கின்றது.